பெரியப்பா தந்த காஸ்ஃபூர்

எங்கள் வீட்டைச் சூடாக்கிய எரிவாயு உலை ஒக்டோபரில் நின்றுபோனது. இங்கே எல்லோரும் அதைக் காஸ்ஃபூர் என்றுதான் சொல்வோம். டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட்டில், வீடுகளைச் சூடாக்கும் நகரச் சுடுநீர்க் குழாய் எங்கள் தெருவரை வரவில்லை. ஆகவே இன்னொன்று வாங்கவேண்டும், அதுவும் குளிர் இறுகுமுன்.

பழையதைத் திறந்த டெனிஷ்காரத் திருத்துநர் முதலில் தும்மினார். உள்ளே எண்ணெய்ப் பிசின், அதில் ஒட்டிய செம்மஞ்சள் புழுதி. அந்த உலை தொங்கிய பின்னறையில்தான் அம்மா பொரிப்பார். முன்னால் உள்ள குசினி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டத்தான். உடுப்பில் மணம் பிடிக்கும் என்று பொரியலையும் மீன்குழம்பையும் பின்னறைக்குத் தள்ளிவிடுவது இங்குள்ள எங்கள் ஆட்களின் வழக்கம். அம்மாவுக்கு அங்கே ஓர் அடுப்பு, புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறி, ஒரு முக்காலி, ஜன்னலோரம் வானொலி. முதுகு நோவால் முதியோர் இல்ல வேலையை விட்டபிறகு, பிறந்தநாள்களுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளுக்கும், இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரிக்கும் ரோல்ஸ் செய்து கொடுத்தது அந்த அறையில். வீட்டில் அவர் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரே இடமும் அதுதான்.

"உன்ர அம்மா பொரிச்சுப் பொரிச்சே அதைச் சாக்காட்டிப் போட்டா" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

"பொரிச்சதைத் திண்டது ஆராம்?" என்றார் அம்மா, முக்காலியை விட்டு எழும்பாமல்.

தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் பிராண்டேயில் காற்றாலைகளின் குளிரூட்டும் தொகுதிகளைச் சோதிக்கும் தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன். ஒரு தாளில் பத்திகள் போட்டேன். வெப்பப் பம்பி: நல்லது, ஆனால் இந்த வருடம் கைக்கு எட்டாது. புதிய மூடிய வகைக் காஸ்ஃபூர்: எரிவதற்கான காற்றைக் கூரை வழியாக வெளியிலிருந்து எடுக்கும், அறையில் யார் எதைப் பொரித்தாலும் அதற்குக் கவலையில்லை. கூரையில் துளை போடவேண்டும், தவணையில் கட்டலாம். மூன்றாவது பெரியப்பாவுடையது. கோல்டிங்கில் அவருடைய வீட்டுக்கு நகரச் சுடுநீர் வந்துவிட்டதால், அதிகம் பாவிக்காத காஸ்ஃபூரைக் கழற்றிக் கராஜில் வைத்திருந்தார்.

"நல்ல சாமான் தம்பி" என்றார் தொலைபேசியில் அப்பாவிடம். "எறியத்தான் இருந்தனான். பிறகு உன்ர நினைப்பு வந்தது."

அதை எங்கள் பழைய புகைபோக்கியிலேயே பொருத்தலாம், ஆனால் அது அறையின் காற்றைத்தான் எடுக்கும். அதே அறையில் அம்மாவின் விசிறியும் இழுத்தால், எரிந்த வாயு புகைபோக்கியில் ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும். மூச்சில் போனால் ஆள் எழும்பாது. திருத்துநரும் அதையே சொன்னார்: பழையதோடு இவ்வளவு காலம் தப்பியதே பெரிய காரியம், இனி ஒன்றில் அடுப்பு, இல்லாவிட்டால் இது. தாளில் 'குறைகள்' என்ற பத்தியில் எழுதினேன்: அம்மாவின் அடுப்பு அறையை விட்டுப் போகவேண்டும்.

அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"பிள்ளை, இதை இடம் மாறி எழுதிப்போட்டாய். இது நன்மைப் பக்கத்தில வரவேணும்."

"மூடின வகையை எடுப்பம் அப்பா. தவணையில நானும் பாதி கட்டுறன்."

"காசு இல்லைப் பிரச்சினை. அண்ணை தாறதை வேண்டாம் எண்டு சொல்லேலாது."

"அப்ப நான் எங்க பொரிக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"தோட்டத்தில கொட்டில் இருக்குத்தானே. நல்ல காத்தோட்டம்."

"மார்கழியிலயும் நல்ல காத்தோட்டமோ?"

"அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு என்ன குளிர்?"

பெரியப்பாவே தன் ட்ரெயிலரில் காஸ்ஃபூரைக் கொண்டுவந்தார். திருத்துநர் விசிறியைக் கழற்றி ஓட்டையை அடைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். "இனி உங்கட வீட்டுக்கு வரேக்க நல்ல கோட்டைக் காருக்குள்ள விட்டிட்டு வரத் தேவையில்லை, என்ன பிள்ளை?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வோர் அறையிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், எல்லா இடமும் ஒரே சூடு.

கொட்டிலில் அம்மா அப்பாவின் தொழிற்சாலைக் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொரித்தார். எண்ணெய் லேசில் காயாது. ரோல்ஸ் சுற்றுகிற மாத்தோசை குளிரில் விறைத்து, மடிக்கும்போது வெடித்தது. சாப்பிட உட்கார்ந்த அப்பா, வரவேற்பறைக் கண்ணாடியைத் தட்டி அம்மாவுக்கு இரண்டு விரல் காட்டுவார். இன்னும் இரண்டு வேண்டும் என்று அர்த்தம். ஒரு சாமத்திய வீட்டுக்குக் கொடுத்த ரோல்ஸ் வெளியே சிவந்தும் உள்ளே குளிர்ந்தும் இருந்ததாம். "உங்கட கை முந்தி மாதிரி இல்லை அக்கா" என்று அந்த வீட்டுக்காரி தொலைபேசியில் சொன்னார். பிறகு ஒருவரும் ரோல்ஸ் கேட்கவில்லை.

கொட்டிலுக்குச் சின்ன மின்ஹீற்றர் வாங்கலாமா என்று கேட்டேன்.

"விடு பிள்ளை. உன்ர அப்பா அதுக்கும் அண்ணையிட்டத்தான் கேப்பார்."

மார்கழி முடிவில், நத்தார் விடுமுறையில் பெரியப்பா சாப்பிட வந்தார். காஸ்ஃபூரின் சூடு வரும் சுவர் ஹீற்றருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, "பாத்தியோ தம்பி, என்ன மாதிரிச் சூடு" என்றார். அம்மா மேசையில் கடையில் வாங்கிய டெனிஷ்காரரின் கறுத்த பாணையும் ஈரல் பசையையும் வெள்ளரிக்காய்த் துண்டுகளையும் வைத்தார். பிறகு தானும் உட்கார்ந்தார். விருந்தினர் சாப்பிடுமுன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா பாணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோல்ஸ் எங்க?"

"கொட்டிலில சுத்தி வைச்சிருக்கு. பொரிக்கிறதுதான் மிச்சம்" என்றார் அம்மா. "போங்கோவன். அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு என்ன குளிர்?"

தமையனுக்கு முன்னால் அப்பாவால் சண்டை பிடிக்க முடியவில்லை. குளிர்ச் சட்டையைத் தேடினார். அது கொட்டிலில் கிடந்தது. சேர்ட்டோடு போனார். கண்ணாடி வழியாக அவர் அடுப்போடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. எண்ணெய் தெறித்திருக்கவேண்டும், ஒருமுறை கையை உதறினார்.

"பாவம், நீர் ஒருக்கால் போமன் பிள்ளை" என்றார் பெரியப்பா.

அம்மா எழும்பிப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா இரண்டு விரல் காட்டினார்.

தட்டோடு வந்தபோது அப்பாவின் உதடு நீலம், புறங்கை சிவப்பு. ரோல்ஸ் கறுத்திருந்தன. பெரியப்பா ஒன்றைக் கடித்தார். நடுவில் இறைச்சி இன்னும் உறைந்தபடியே இருந்தது, பல்லில் நெறுநெறுத்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் அதை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது அத்தான்" என்றார் அம்மா. "தம்பி தாறதெல்லோ."

பெரியப்பா அதைத் தின்று முடித்தார். இரண்டாவதை அம்மாவே எடுத்து அவருடைய தட்டில் வைத்தார்.

கையில் கட்டோடு இருந்த நாட்களில் அப்பா என்னிடம் கேட்டார். "அந்த மூடின சாமான், இப்பவும் தவணைக்குத் தருவினமோ?"

தருவார்கள் என்றேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அதற்கு முன்பே கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"இனி என்னத்துக்கு?" என்றார். "எனக்குப் பாணே போதும்."