தூத்துக்குடிக்கு ஏழு, டப்ளினுக்கு ஐந்து

சாந்தோமில் குடியிருக்கும் டெல்பினுக்குக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்தது மெழுகுவர்த்திக் கணக்கு.

புருஷன் பிலிப் லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம் அது. வண்டி கிளம்பியதும் மாதா படத்துக்கு முன்னால் ஒன்றை ஏற்றுவாள். ஒரு மெழுகுவர்த்தி இரண்டு மணி நேரம் எரியும். அது முடிவதற்குள் அடுத்தது. முனைக் கடைக்குப் போன் போட்டு, "வந்து சேந்துட்டேன்னு எங்க வூட்ல சொல்லிடு நைனா" என்று பிலிப் சொன்ன பிறகுதான் திரியை அணைத்துவிட்டுச் சோற்றில் கை வைப்பாள். நெல்லூருக்கு இரண்டு, பெங்களூருக்கு நான்கு, தூத்துக்குடிக்கு ஏழு.

"ஊர்ல எல்லாரும் டீசல்ல ஓட்றான். என் வண்டி மெழுகுல ஓடுது" என்று பிலிப் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது.

இப்போது மகள் ரெனிட்டா, நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிறாள். "விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி மத்தியானம் ஒன்றரைக்கு டப்ளின்ல எறங்கிடுவேம்மா. நடுவுல போன் வராது, பயப்படாத" என்று சொல்லியிருந்தாள். டெல்பின் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதரை மணி நேரம். ஐந்து போதும். தூத்துக்குடியைவிடப் பக்கம்தான் என்று மனசு ஆறியது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் ஐந்தே ஐந்து வாங்கி வந்தாள்.

ஒன்றரை ஆயிற்று. போன் வரவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்றே முக்காலுக்குக் கடைசி மெழுகுவர்த்தி கட்டைவிரல் உயரத்துக்கு வந்துவிட்டது. சுடரை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடவும் மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு அமீனா பீ எட்டிப் பார்த்தபோது டெல்பின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாச்சு டெல்பினு?"

"எறங்கற நேரம் தாண்டிப் போச்சுக்கா. புள்ளைக்கு இன்னா ஆச்சோ..."

அமீனா பீ விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பைத்தியம்! டிக்கெட்ல போடறது அந்தந்த ஊர் கடியாரம். என் தௌசீஃப் துபாய்ல கீறான், அவனே நமக்கு ஒன்ற மணி நேரம் பின்னாடி. உம் பொண்ணு அவனுக்கும் அந்தாண்ட போறா." மகனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "நாலரை மணி நேரம் பின்னாடியாம். நம்ம ஊருக்குச் சாயங்காலம் ஆறு. எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டராம் டெல்பினு!"

டெல்பின் மறுபடி விரலை மடக்கினாள். பதினாலு மணி நேரம். "ஏழு ஆவுதுக்கா. அப்ப தூத்துக்குடி கணக்குதான்" என்றாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அத்தனை கடலைத் தாண்டுகிற பிள்ளைக்கும், உப்பு ஏற்றிவரப் போன பிலிப்புக்கும் ஒரே அளவு வெளிச்சம்!

அமீனா பீ வீட்டுக்குப் போய் இரண்டு மெழுகுவர்த்தியோடு வந்தாள். "கரண்ட் போனா ஏத்தறது. உங்க மாதா கோச்சுக்க மாட்டாங்களே?"

"அவங்களும் புள்ளையப் பெத்தவங்கதான்க்கா. குடு."

ஆறேகாலுக்கு, ஏழாவது மெழுகுவர்த்தி அணையப் போகும் நேரத்தில், போன் அடித்தது. "அம்மா, வந்துட்டேன். இங்க ஒரே மழை."

டெல்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

"மத்தியானச் சோறு சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டாள்.