சாஃப்ட்பாக்ஸ் வாங்கப் போன இடத்தில்

நாளைக்கு ஸ்ரீவராகத்தில் ஒரு சீமந்தத்துக்கு நான் படமெடுக்க வேண்டும். அந்த வீட்டில் தலைக்கு மேலே முழுக்கக் கறுத்த மரமச்சு. ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் திரும்பி வரவே வராது.

ஃப்ளாஷ் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்க, ஸ்கூட்டரில் மடக்கி வைக்கிற மாதிரி ஏதாவது வாங்கலாமென்று தம்பானூர் கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணாச்சி ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டுகிற ஒரு வெள்ளைக் குடையும், துணிப்பெட்டி மாதிரி சின்ன சாஃப்ட்பாக்ஸும் எடுத்து வைத்தார். "அடிச்சுப் பாத்துட்டு எடுத்தா போதும், கேட்டோ. சரோஜா, கொஞ்சம் நிமிரு."

பில் போடுகிற சரோஜா அக்கா அவர் மனைவி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கல்லாட்டம் வைத்துக்கொண்டார்.

குடையில் வெளிச்சம் சிதறி, பின்னாடி இருந்த அட்டைப்பெட்டியெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. சாஃப்ட்பாக்ஸில் முகம் மட்டும் அழகாக வந்தது.

"மூக்கு நிழலைப் பாருங்க, எவ்வளவு மெத்துன்னு விழுது!" என்றார் அண்ணாச்சி. மூக்கு யாருடையது என்று அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"எத்தனை வருஷமாக்கா இப்படி உக்காந்து குடுக்கறீங்க?"

"பதினாலு. என் கையில ஒரு படம் கெடையாது. எல்லாம் டெஸ்டுதானே, உடனே அழிச்சிருவாங்க."

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று எடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி கேமராவை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இத அழிச்சிராதீங்க" என்றார்.

சாஃப்ட்பாக்ஸ் வாங்கியாச்சு.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் எனக்காக வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் பாதியாக நிற்கிறார்.

கேமரா வைத்திருக்கிறவர்களே, உங்கள் வீட்டில் எப்படி?