ரயிலுவின் கை

தொழிற்சாலையின் லேத் பிரிவில் அவனுக்கு ரயிலு என்று பட்டப்பெயர். கை அத்தனை வேகம். ஒரு உருப்படிக்கு எவ்வளவு கூலி என்று முடிவு செய்ய ஆபீசர் கடிகாரத்தோடு வந்த அன்று, கூலி குறையக்கூடாதென்று பேசிவைத்தபடி எல்லாரும் மெதுவாகவே கடைந்தார்கள், அவனும்தான்.

"ரயிலுன்னு சொன்னாங்க, மாட்டுவண்டியால்ல இருக்கே!" என்று ஆபீசர் சிரித்தார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லேத்தில் வெளுத்து வாங்கிவிட்டான்.

அந்த வேகத்தையே அளவாக வைத்து லேத்காரர், மெருகு போடுகிறவர், பேக்கிங் பெண்கள் என்று எல்லாருடைய உருப்படிக் கூலியையும் குறைத்துவிட்டார்கள்.

யாரும் அவனைத் திட்டவில்லை. ரயிலு என்பதை விட்டுவிட்டு 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூனிக்குறுகிப் போனான்.

சாயங்காலம், பேக்கிங்கில் வேலைபார்க்கும் அவன் மனைவி தட்டை முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க, சார்."