சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

மருந்துக் கிடங்கில் இருப்புப் பார்க்கிற மனுஷனுக்கு 'வாட்டு' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர்கள் தலைக்கு மேலேயே விளக்கை அணைப்பார். "கைக்கு வாய் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று வேறு கேட்பார். கடுகு போகிற இடம் பார்ப்பார், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்பார்களே, அந்த ரகம்.

அவர் மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்ட வாரம் பார்த்தா ஒரு காண்ட்ராக்டர் அவளை அழைக்க வேண்டும்! "வெள்ளிக்கிழமை காலையில, வீட்டைச் சுத்திக் காட்டற படம் வந்துடணும். நல்லா இருந்தா எங்க வேலை எல்லாம் இனி உங்களுக்குத்தான்" என்றார். இப்படி ஒரு அழைப்புக்காக அவள் ஏங்கிக் கிடந்தவள்.

வாட்டு உடனே களத்தில் இறங்கினார். தெரிந்த கடைக்காரரிடம் பேசி இரண்டு கம்ப்யூட்டர்களைத் தூக்கி வந்தார். கிராபிக்ஸுக்குத் தனிக் கார்டு வைத்தால் கரண்ட்டைக் குடிக்குமாம், அதனால் இரண்டிலும் அந்த வேலையையும் பிராசசரே பார்த்துக்கொள்ளும். குறைவாக இழுப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடுவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். வாட் மீட்டரில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகி, எதிரே உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒன்றும் ஓடாது, வெறும் கடிகாரம்தான். மவுஸ் பக்கம் அவள் கை போனால் தொலைந்தாள்.

"தொடாதே, ரீடிங் கெட்டுடும்."

"என் படத்தை ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்களேன். நான் செய்யப்போற வேலை அதுதானே?"

"ஓட்டினா கரண்ட் இழுக்காதா? சும்மா இருக்கறப்போ எவ்வளவு தின்னுதுன்னுதான் பார்க்கணும்."

"அப்படிப் பார்த்தா, இந்த வீட்ல மொதல்ல திருப்பிக் கொடுக்க வேண்டியது உங்களைத்தான்."

சுருக்கென்றுதான் இருந்தது அவருக்கு. ஆனாலும் மீட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை தீர்ப்பு வந்தது. மூன்று வாட் குறைவாகத் தின்ற நோஞ்சான் ஜெயித்தது. தோற்றதைக் கடையில் கொடுத்துவிட்டு, பிள்ளை பரீட்சையில் தேறிய தகப்பன் மாதிரி வந்து சேர்ந்தார்.

வியாழன் மதியம் அவள் வரைந்து முடித்து, அதைக் காட்சி காட்சியாகப் படமாக்க ஓட்டவிட்டாள். சுவருக்கு வெளிச்சம், ஜன்னலுக்கு நிழல் என்று ஒவ்வொரு காட்சிக்கும் நோஞ்சான் முக்கி முனகியது. விசிறி அலறு அலறென்று அலறியது. விடிந்து பார்த்தால் படம் பாதி மாடிப்படியில் நின்றது. வாட்டு கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்.

"அந்த இன்னொண்ணு இருந்தா சாயங்காலமே முடிச்சுட்டுப் படுத்திருக்கும் சார். வேலை சீக்கிரம் முடிஞ்சா மொத்தக் கரண்ட்டும் கம்மிதான். நீங்கதான் வேலையே கொடுக்காம பார்த்தீங்க."

காண்ட்ராக்டர் மத்தியானம்வரை பொறுத்தார். பிறகு, "பரவால்லம்மா, வேற ஒருத்தர் அனுப்பிட்டாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு வந்தது கத்தலில் அடங்குகிற கோபமில்லை. நேரே போய்க் கம்ப்யூட்டர் ஒயரை மீட்டரிலிருந்து உருவினாள்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

பழக்க தோஷம், அவர் குனிந்து பார்த்தார். "சைபர்" என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டார்.

"நீங்க தேடின மெஷின் இதுதான்" என்று ஒயரை அவர் மடியில் போட்டாள்.