கண்ணை மூடிய சபை

கேரளத்தில், கழக்கூட்டத்தில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து என் கணவர் படுத்த படுக்கையானார். எங்கள் வாடகை வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. திங்கட்கிழமை அவரை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். நாற்காலியில் வைத்துக் கீழே இறக்க இரண்டு ஆண்களை அனுப்பும்படி எங்கள் தமிழ்ச் சபை பாஸ்டரிடம் கேட்டிருந்தேன்.

ஞாயிறு ஆராதனையில் அவர் மைக்கில் அறிவித்தார்: "நம்ம சகோதரரோட சுகத்துக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும், கேட்டோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, ஜெபத்தை நான் வீட்டுலயே பண்ணிக்கிறேன். எனக்கு வேண்டியது ரெண்டு ஆளு. நாளைக்குக் காலையில யாரு வாறீங்க?"

போன வாரம் என் கையைப் பிடித்து அழுத சபைச் செயலாளர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர் மனபாரத்துல பேசுறாங்க. எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்."

அத்தனை பேரும் மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்படியொரு நிம்மதி அவற்றில்!

மறுநாள், கீழே டீக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி சேட்டன்மார், நான் கேட்டதுமே வந்து என் கணவரைத் தூக்கி இறக்கினார்கள்.

ஜெபத்துக்கு வல்லமை இல்லையென்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஒரே வார்த்தையில் ஒரு சபையே குருடானதை என் கண்ணால் பார்த்தேன்.