அமீர் ஜானும் சிங்கப்பூர் கையுறையும்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மைக் செட் வைத்திருந்த அமீர் ஜானுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கெட்ட வார்த்தை வராத மனிதர்கள் உண்டு. பொய் வராதவர்களும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். இவருக்கு இல்லை வராது, வேண்டாம் வராது, முடியாது வராது. அந்த மூன்றுக்கும் சேர்த்து அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "பாக்கலாம்."

ஊருக்கு அது தெரியும். ஏணி இரவல் கேட்டு வருகிறவனிடம் அவர் பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு "பாக்கலாம்" என்றால், அவன் மறுபேச்சில்லாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவான். மனத்தாங்கல் எதுவும் கிடையாது. ஒரு வருடம் தர்கா கந்தூரியும் லைட்ஹவுஸ் குப்பத்து அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதும் ஒரே நாளில் வந்தது. முதலில் வந்து கேட்டது குப்பத்துக்காரர்கள். அவர்களிடம் "வந்துர்றேன்" என்றார். பிறகு வந்த தர்காக்காரர்களிடம் "பாக்கலாம்" என்றார். அவர்கள் அன்று மதியமே பஸ் ஏறி, பொன்னேரியில் வேறு மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் அமீர் ஜானின் கடையில் உட்கார்ந்து டீயும் குடித்தார்கள்.

மைக் செட் என்றால் லேசுப்பட்டதில்லை. ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், கழுத்து முறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அதன் ஸ்டாண்டு. குழாயின் வாயைச் சுற்றி 'அமீர் சவுண்ட் சர்வீஸ்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் ஊருக்குக் கேட்டன. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டால், குழாயை ரிக்‌ஷாவில் கட்டிக்கொண்டு கரையோரமாகப் போய் "கடலுக்குப் போவாதீங்க" என்று கத்துவதும் அமீர் ஜான்தான். வாழ்க்கையில் வேண்டாம் என்று அவர் உரக்கச் சொன்னது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான். அதுவும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதில் ஒரு கலர் டிவியும், டிவியோடு பொருத்தி ஆடுகிற வீடியோ கேமும் இருந்தன. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய மனைவி ஜைனம்புவின் அண்ணன் இனாயத்துல்லா. மீஞ்சூர்க்காரர். சிங்கப்பூருக்குப் பறந்து போய்ப் பொருள் வாங்கிவந்து பர்மா பஜாரில் தள்ளுகிற 'குருவி' வேலை அவருக்கு. நல்ல மனிதர்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் சம்மதம் என்றே கேட்கிற காது. அந்தக் காது இல்லாவிட்டால் அந்தத் தொழில் செய்ய முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேமுக்கு வாடிக்கைக்காரர்கள், கரைக்கு மீன் வந்து, ஏலம் போட்டு, குளித்துச் சாப்பிட்ட பிறகு மதியத்தில் வருகிற மீன்காரர்கள். ஆம்பிளைகள். மீசை நரைத்தவர்கள்கூட உண்டு. ஆளுக்கொரு பொத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஆட, மற்றவர்கள் பாயில் சாய்ந்தபடி பார்ப்பார்கள். முதலில் யார் ஆடுவது என்று சண்டை வந்தபோது, அவர்களே ஏரி வழக்கத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஏரியில் எந்த இடத்தில் எவன் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அதே மாதிரி டிவி முன்னாலும் பாடு வந்தது. சீட்டில் பேர் வந்தவன் ஆடலாம், வராதவன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அதன் பிறகு அறையில் சத்தமே கிடையாது.

எண்பத்தொன்பதாம் வருடம் முடிகிற சமயம். ஜைனம்பு வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த இனாயத்துல்லா, கையில் எலும்போடு ஒரு சங்கதியை அவிழ்த்தார்.

"மச்சான், புதுசா ஒரு கையுறை வந்துருக்கு. அத மாட்டிக்கினு நீங்க கைய இப்படி ஆட்டுனா, டிவில பொம்மையும் ஆடும். குத்துனா குத்தும். பொத்தானே அமுக்க வேணாம். கொண்டாந்துரட்டுமா?"

அமீர் ஜான் பின்னந்தலையைச் சொறிந்தார். "பாக்கலாம் மச்சான்."

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த பயணத்தில் இனாயத்துல்லா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். பாக்கலாம் என்றாரே, அதனால் பார்ப்பதற்குக் கொண்டுவந்துவிட்டார். காசு ஒன்றும் வேண்டாமாம். பொன்னேரியில் இருக்கும் தன் சகலைக்கு மைக் செட் தொழில் வைத்துக் கொடுக்கப் போகிறாராம். கையுறை இங்கே, மைக் செட் அங்கே, கைக்குக் கை மாற்றிக்கொள்ளலாமாம்.

"இனிமே குழாய சொமந்துகினு திரிய வேணாம் மச்சான். ஒக்காந்த எடத்துல தொழில்" என்றார்.

அமீர் ஜானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கையுறை ஆசை கொஞ்சம் இருந்தது, அதை மறைப்பானேன். மீஞ்சூரில்கூட இல்லாத சாமான். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வருவார்கள். ஆனால் மைக் செட் போய்விட்டால் அப்புறம் அமீர் ஜான் யார்? ஊரில் அவரைக் கூப்பிடுவதே மைக் செட் பாய் என்றுதான்.

"வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்றாள் ஜைனம்பு.

"எப்படிச் சொல்றது? உங்க அண்ணன்."

"எங்க அண்ணன்தானே, போலீஸ்காரனா?"

"பாக்கலாம்" என்றார். அவள் முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் வாடிக்கைக்காரர்களை வைத்து ஆடிப் பார்ப்பது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எல்லாம் அல்லா விட்ட வழி. பிடிக்காவிட்டால், அவர்கள் வாயாலேயே வேண்டாம் வந்துவிடும், தன் வாய் நோகாது.

வெள்ளிக்கிழமை இனாயத்துல்லா டிவியின் மேல் மடக்கிய முழங்கை மாதிரி ஒரு பட்டையைப் பொருத்தினார். கையுறை எங்கே போகிறது என்று பார்க்கும் கண் அதுதானாம். அதற்கும் கைக்கும் நடுவில் யாரும் வரக்கூடாது, பக்கத்திலும் யாரும் கையைக் காலை நீட்டக்கூடாது என்று சொல்லி, பாயில் கிடந்தவர்களை எல்லாம் எழுப்பி வாசலுக்கு அனுப்பினார். அவர்கள் வெயிலில் நின்று ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். முதல் சீட்டு நீலமேகத்துக்கு விழுந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் கட்டுமரக்காரர். அந்த அறையில் குத்துச்சண்டை ஆட்டத்தில் அவரை ஜெயித்தவன் கிடையாது.

கையுறை நீலமேகத்தின் கைக்குள் நுழையவில்லை. சாம்பல் நிற ரப்பர். யாரோ மெத்தென்ற கைக்காரனுக்காகச் செய்தது. இனாயத்துல்லா ஒரு பக்கம் இழுக்க, அமீர் ஜான் மறுபக்கம் தள்ள, விரல்கள் முக்கால்வாசி உள்ளே போயின. ஆட்டம் தொடங்கியது. நீலமேகம் காற்றில் குத்தினார். டிவியில் பொம்மை சும்மா நின்றது. இன்னும் ஓங்கிக் குத்தினார். பொம்மை அப்போதுதான் முதல் குத்தை யோசித்து முடித்து மெதுவாகக் கையைத் தூக்கியது. அதற்குள் எதிரி நாலு குத்து விட்டுப் போய்விட்டான்.

"மேல தூக்கிக் குத்துங்க. தோள ஆட்டுங்க" என்று இனாயத்துல்லா கூடவே குதித்தார். நீலமேகம் குத்தோ குத்தென்று குத்தினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பொம்மை மூன்று முறை மல்லாந்து விழுந்தது. நான்காவது முறை விழுந்தபோது அவர் அதை எழுப்பப் பார்க்கவில்லை. கையுறையைப் பிய்த்துக் கழற்றி அமீர் ஜானிடம் நீட்டினார்.

"காலைலேர்ந்து வல இஸ்த கை பாய் இது" என்றார், கோபம் இல்லாமல். "இங்க வர்றதே கட்டவெரல் மட்டும் வேல செய்யட்டும், மத்ததெல்லாம் தூங்கட்டும்னுதான். இங்கயும் கைய வீசணும்னா இன்னொரு வல வுட்டுட்டு வந்துருவேனே. மீனாச்சும் கெடைக்கும்."

வாசலில் சிரிப்பு எழுந்தது. அடுத்த சீட்டு தாமோதரனுக்கு. அவர் உள்ளே வரவே இல்லை.

"என் பாடு வேற யாருக்காச்சும் குடுத்துரு பாய்" என்றார்.

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏரியில் தன் பாடு வந்தால் காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படகில் ஏறுகிறவர்கள் இவர்கள். பாடு முறைக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்த கதைகள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு மேல் தீர்ப்பு எதற்கு? அமீர் ஜானின் நெஞ்சு லேசானது. இனி மச்சானே பெட்டியைக் கட்டிவிடுவார் என்று நம்பினார்.

ஆனால் சம்மதமாகக் கேட்கிற காது சும்மா இருக்குமா? "புதுசுல அப்படித்தான் மச்சான், பழகப் பழக வந்துரும்" என்றார் இனாயத்துல்லா. "நாளைக்கே சகலைய வண்டி அனுப்பச் சொல்றேன்." சொல்லிக்கொண்டே முன்கடைக்கு நடந்து, மூலையில் இருந்த குழாயைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

தன் பேர் எழுதிய குழாய் இன்னொருவர் கையில் இருப்பதைப் பார்த்ததும் அமீர் ஜான் ஓரடி முன்னால் வந்தார். கை தானாகப் பின்னந்தலைக்குப் போயிற்று. "பா..." என்று வாய் திறந்தது. நீலமேகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அமீர் ஜான் கையைக் கீழே இறக்கினார்.

"வேணாம் மச்சான்."

மைக் இல்லாமல் சொன்னதால் சத்தம் கொஞ்சம்தான் வந்தது. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. இனாயத்துல்லா குழாயை இறக்கி வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். அமீர் ஜானுக்குக் காதெல்லாம் சுட்டது. போச்சு, சம்பந்தமே முறிந்தது என்று நினைத்தார்.

இனாயத்துல்லா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லா" என்றார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா மச்சான்? பர்மா பஜார்ல ஒரு ஆளு இதுக்கு நாயா அலையறான். உங்களுக்குச் சொன்னதுனு அவன்கிட்ட குடுக்காம பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். சகலைக்கும் மைக் செட்டுல இஷ்டமே இல்ல. எனக்காக, சரினு தலையாட்டிக்கினு இருக்காரு. நீங்க பாக்கலாம்னு ஆசையா சொன்னீங்களேனு..."

நீலமேகம் குறுக்கே வந்தார். "பாய் பாக்கலாம்னா வேணாம்னு அர்த்தம். இது கரைல திரியுற நாய்க்கும் தெரியும். உனக்கு இன்னாத்துக்குத் தெரியல?"

இனாயத்துல்லா அவரையும் அமீர் ஜானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, அமீர் ஜானைத் தழுவிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அறையில் மறுபடி பாய் விரிந்தது. நீலமேகம் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டை விரலாலேயே நாலு பேரை மல்லாத்தினார்.

அமீர் ஜான் வீட்டுக்கு வந்தபோது ஜைனம்பு மடவை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேணாம் என்று தான் சொன்னதை அவர் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம் என்றார். இனிமேல் எதற்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார்.

"அப்போ ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க" என்றாள் ஜைனம்பு, தலை நிமிராமல். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் உங்க கடைக்கு வந்து, என் தங்கச்சியக் கட்டிக்கிறீங்களானு கேட்டாரே. அன்னிக்கு இன்னா சொன்னீங்க?"

அமீர் ஜானுக்கு வியர்த்தது. வாய்விட்டது இப்போதுதான், அதற்குள் சோதனை.

"பாக்கலாம்னு சொன்னேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா..." அவர் மீனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "வேணாம்னுதான். அப்பதான் மைக் செட் புதுசா வாங்கியிருந்தேன். கல்யாணம் இப்ப எதுக்குனு நெனச்சேன். உங்க அண்ணன் சிரிச்சிக்கினே போயி நாள் குறிச்சிட்டாரு."

ஜைனம்பு கத்தியைக் கீழே வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து அவர் குனிந்து பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் கேட்டாரு. நானும் பாக்கலாம்னுதான் சொன்னேன். தெருத்தெருவா குழாயக் கட்டிக்கினு திரியற ஆளுக்கு எவ கழுத்த நீட்டுவானு இருந்தது எனக்கு."

அமீர் ஜான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இனாயத்துல்லாவுக்கு யாரோ விளக்கிச் சொன்னது இன்றைக்குத்தான். அதை அன்றைக்கே எவனாவது சொல்லித் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் அவருடைய சிரிப்பு நின்றது.

"நல்லவேள" என்றார்.

"ஆமா, நல்லவேள" என்றாள் ஜைனம்பு, மீன் சட்டியை அவர் பக்கம் தள்ளி. "தண்ணி ஊத்துங்க, கழுவணும்."