நாத்தனார் செய்த விரல்

முகமெல்லாம் வெள்ளை மாவு, புருவத்தில்கூட. கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். என் நாத்தனாரை நினைத்தால் முதலில் இந்தக் கோலம்தான் கண்ணுக்குள் வரும். கல்யாணமாகி, சென்னை ஓரத்தில் இருக்கும் அயனம்பாக்கத்து வீட்டுக்குள் நான் நுழைந்த புதிது. சமையலறையில் நின்று எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். தோசை மாவாக்கும் என்று நினைத்து, புது மருமகளுக்குரிய பவ்யத்தோடு, “குடுங்க அண்ணி, நான் கலக்குறேன்” என்று கையை நீட்டினேன். ஏற இறங்கப் பார்த்தார். “இது வயித்துக்கு இல்லமே, சொவத்துக்கு” என்றார். அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

என் கணவருக்கு அக்கா அவர். எங்கள் மதுரைப் பக்கம் மதினி என்போம், இங்கே அண்ணி. ஏரியை ஒட்டி நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டதில், எந்நேரமும் வயலில் கிடந்த அவர் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாடியில் புதிதாக அறை கட்டியபோது ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர்கள் அரை மூட்டை மாவை விட்டுவிட்டுப் போக, தூக்கிப்போட மனசு வராமல் சாக்லேட் டப்பாவின் குழிகளில் ஊற்றிப் பார்த்திருக்கிறார். அங்கே பிடித்தது பைத்தியம். அப்புறம் சிலிக்கான் அச்சுகள் வந்தன. திரும்பிய பக்கமெல்லாம் மயில், தாமரை, விளக்குத் தாங்கி, கண்ணை மூடிய புத்தர். துவைத்த துணியைக் காயப்போடப் போனால் மொட்டைமாடிக் கைப்பிடியில் வரிசையாக ஈரப் பிள்ளையார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை கிண்ணத்தைச் சிங்க்கில் கழுவி, மாவு குழாய்க்குள்ளேயே இறுகி, சுவரை உடைத்துத்தான் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அந்த நீளம் முழுவதையும் அவருக்குக் காட்டினேன். அவரோ சுவர் பூசி முடித்த கையோடு அந்த இடத்தில் ஒரு மயிலை ஒட்டிவிட்டார். இப்படிப்பட்ட மனுஷியிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது குழந்தைகளின் கைதான். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் ஒரு பொடி உண்டு. அதைத் தண்ணீரில் குழைத்து, தூங்கும் குழந்தையின் கையை அதற்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். கையை மெல்ல உருவிவிட்டு அந்தக் குழிக்குள் பிளாஸ்டரை ஊற்ற வேண்டும். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். “ஜுரம் வந்து உட்ட மாரி, சூடு ஏறி எறங்கணும். அதுக்குள்ள தொடாத” என்பார். பிறகு ஜெல்லியைப் பிய்த்து எறிந்தால் உள்ளே குழந்தையின் கை, ரேகையோடு இருக்கும். ஜெல்லி பிய்ந்தால் பிய்ந்ததுதான், இன்னொரு கை அதிலிருந்து வராது. சுற்றிலும் அடுக்குமாடிகளில் இருந்த ஐ.டி. தம்பதிகள் முதல் பிறந்தநாளுக்கு அவரைத் தேடி வந்தார்கள். காற்றுக் குமிழியால் வந்த முண்டும் முடிச்சும் தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்து, பொன்வண்ணம் பூசி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுப்பார். அவர் கொடுத்த கையில் ஒரு குறை சொல்ல முடியாது.

என் மகள் பிறந்தாள், வலது கையில் ஆறு விரலோடு. சுண்டு விரலுக்குப் பக்கத்தில், எலும்பில்லாமல், ஒரு சின்னஞ்சிறு விரல். அதற்கும் நகம் உண்டு. அப்பா படுக்கையில் இருந்ததால் என் அம்மாவால் மதுரையை விட்டு வர முடியவில்லை. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நாத்தனார்தான். எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, ஒவ்வொரு விரலாக உருவிவிடுவார். அந்தச் சின்ன விரலையும் விடமாட்டார். ஆனால் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் சட்டைக் கையை இழுத்து அந்தக் கையை மூடிவிடுவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் பிள்ளையின் கை இவருக்கு அசிங்கமாக இருக்கிறதா என்று உள்ளுக்குள் பொருமுவேன். கைபேசியில் எடுத்த படங்களில் முக்கால்வாசியில் அந்தச் சட்டைக்கை இறங்கித்தான் இருக்கும்.

விரலை எடுத்துவிடுவதே நல்லது, எங்காவது மாட்டி இழுபடும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை. பால் குடிக்கும்போது அந்த விரல் என் நெஞ்சில் தனியாகத் தட்டும். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதனால்தான் நாத்தனாரிடம், “ஆபரேஷனுக்கு முன்னாடி பாப்பா கையை அச்செடுத்துடுங்க அண்ணி” என்றேன். எடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நாத்தனார்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. விரல் போயிற்று. சட்டம் வரும், அதில் அது இருக்கும் என்று தைரியமாக இருந்தேன்.

முதல் பிறந்தநாளன்று கேக் வெட்டிய பிறகு சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மெரூன் வெல்வெட்டின்மேல் பொன்னிறக் கை. எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள். நான் பார்த்தேன். ஐந்து விரல். அந்தப் பக்கம் வழுவழுவென்று, ஒன்றுமே முளைக்காத இடம் மாதிரி இருந்தது.

“அண்ணி, அந்த விரல் எங்க?”

“அத்த தேச்சு உட்டுட்டேன்மே. ஒரு தடம் தெரிதா பாரு” என்றார் பெருமையாக. “நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் சொவத்துல எண்ணிகினு நிப்பான். நமக்கு இன்னாத்துக்கு அந்த வம்பு?”

வந்திருந்தவர்கள் முன்னால் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. “அந்த விரலுக்காகத்தான் அச்சே எடுக்கச் சொன்னேன்! இனிமே எங்க போய்ப் பார்ப்பேன் அதை?” என்று கத்தியேவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு கையில் தழும்பு விழும், அதற்காகத்தான் முன்னதாக எடுக்கச் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். ஜெல்லி என்றோ குப்பைக்குப் போயிருந்தது. வந்தவர்கள் பிரியாணியை அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் மாவு கலக்கும் சத்தமே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவார், துவட்டி என் கையில் கொடுப்பார், போய்விடுவார். என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குத் தப்பி ஓடுவார்.

ஒருநாள் மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் சட்டத்தைக் கழற்றி, பிளாஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரல் இருந்த இடத்தில் பொன்வண்ணத்தைச் சுரண்டினார். ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தண்ணீர் தொட்டுத் தொட்டு நனைத்தார். காய்ந்த பிளாஸ்டர் ஈரத்தைக் குடித்துவிடும், நனைக்காவிட்டால் புதியது ஒட்டாது. சின்ன மூடியில் மாவு குழைத்து, துளி எடுத்து உருட்டி வைத்தார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. கோபம் தீராமலே, பார்க்கச் சகிக்காமல், ஒன்றிரண்டு படங்களில் மங்கலாகத் தெரிகிறது என்று கைபேசியை நீட்டினேன்.

“போட்டோ இன்னாத்துக்கு? எண்ண தேச்சது நான்தானே” என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்தத் துளி மாவைப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக உருவின. குளிப்பாட்டும்போது உருவுவாரே, அதே உருவல். கண்ணைத் திறந்து, ஊசி முனையால் எள்ளளவு நகம் கீறினார். கடைசியாக, சுண்டு விரல் பக்கம் லேசாகச் சாய்த்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுதான். அது அப்படித்தான் சாய்ந்திருக்கும், அக்காவிடம் ஒண்டிக்கொண்டு நிற்கும் தங்கச்சி போல. அந்தச் சாய்வு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

“கண்ணு படும்னுதான் மூடி மூடி வச்சேன். ஊரு வாயி சும்மாவா கீது? எனக்கு மட்டும் ஆசையில்லையா? குளிப்பாட்டி முடிச்சா, கடசீல அதுக்குத்தான் ஒரு முத்தம் குடுப்பேன். நீ சோப்பு எடுத்து வெக்கப் போயிருப்ப.” பேசிக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாவெல்லாம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. “ஆப்ரேசன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கி வரலன்னு உனக்குக் கோவம். நான் எப்டிமே வருவேன்?”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல. என் பிள்ளையின் ஒரு துளி விரலை என் அளவுக்கு இன்னொருத்தியும் ஆசையாகப் பார்த்திருக்கிறாள் என்பது எத்தனை பெரிய விஷயம்! பெற்றவள் பாசத்துக்குக் கணக்கில்லை என்பார்கள், அத்தை பாசத்தை யார் பேசுகிறார்கள்? எனக்கு அன்றைக்குக் கிடைத்த நிம்மதிக்கு இன்றுவரை அவருக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. சொன்னால் “போமே” என்று எழுந்து போய்விடுவார். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது நாங்கள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஹாலில் அந்தச் சட்டம். ஒட்டிய இடத்தில் மயிரிழைக் கோடு தெரியும், அதன்மேல் வண்ணம் பூச நான் விடவில்லை. போன மாதம் நாத்தனார் வந்திருந்தபோது எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் பால் காய்ச்சும் விழாவுக்கு அழைக்க வந்தாள். பேச்சுவாக்கில் சுவரைப் பார்த்தவள், உதடு அசைய எண்ணினாள். “என்னங்க, ஆறு விரல் இருக்கே? செஞ்சவங்க தப்பு பண்ணிட்டாங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து நாத்தனார், “தப்பு பண்ணவளும் நாந்தான், சரி பண்ணவளும் நாந்தான். குந்து, சொல்றேன்” என்று ஆரம்பித்துவிட்டார். குளிப்பாட்டியது, மூடி வைத்தது, தேய்த்துவிட்டது, நான் ஊரைக் கூட்டிக் கத்தியது எல்லாம் வந்தது. அந்தப் பெண் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் குங்குமச்சிமிழைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை முடியட்டும் என்று காத்திருக்க என் மகளுக்குப் பொறுமையில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, தன் வலது கையை நீட்டினாள்.

“இங்கதான் ஆன்ட்டி இருந்துச்சு. தொட்டுப் பாருங்க.”